ராசியான கை

எங்கள் ஊர் டாக்டர் ஞானசிகாமணிக்குக் கைராசி உண்டு. அவர் தொட்டாலே காய்ச்சல் இறங்கிவிடும் என்று ஊரே சொல்லும். அவரும் மறுக்க மாட்டார். எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் மட்டும் அவருக்கே காய்ச்சல் ஏறிவிடும்.

செண்பகவல்லி தன் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கிக்கொண்டு அவரிடமே திரும்பி வந்தாள்.

"டாக்டர், சீட்டுல அஞ்சு மில்லின்னு எழுதியிருக்கீங்க. பாட்டில் இத்துனூண்டு இருக்கு. சரிதானா?"

"நான் டாக்டரா, நீ டாக்டரா? எழுதினதைக் கொடு."

அவள் வாதாடவில்லை. குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"சரிங்க டாக்டர். முதல் வேளையை மட்டும் உங்க ராசியான கையால கொடுத்துடுங்க."

டாக்டரின் முகம் மலர்ந்தது. பாட்டிலைத் திறந்து, கூட இருந்த சொட்டுக்குழாயில் மருந்தை உறிஞ்சினார். குழாய் நிறைந்துவிட்டது; ஒரு மில்லிக்கு மேல் அதில் கோடே இல்லை. குழந்தையின் உதடு வரை போன கை அப்படியே நின்றது. பாட்டிலைத் திருப்பிப் படித்தார். சிரப்புக்கு எழுதும் அளவை, அதைவிடப் பல மடங்கு வீரியமான சொட்டு மருந்துக்கு எழுதியிருந்தார்.

குழாயில் இருந்த மருந்தைப் பாட்டிலிலேயே திருப்பி விட்டார். பிறகு சீட்டை வாங்கி, ஐந்தை அடித்துவிட்டுச் சரியான அளவை எழுதினார்.

"நீ கேட்டது நல்லதாப் போச்சும்மா."

செண்பகவல்லி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ராசியான கைதான் டாக்டர். நிக்க வேண்டிய இடத்துல நின்னுடுச்சு."