இரண்டாம் கம்பியும் மூன்றாம் கம்பியும்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி.

குரு எஸ்தர், சென்னை ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர். சீடர் திருமேனி, முப்பது வருடம் அங்கேயே ஸ்டோர்ஸில் இருந்துவிட்டு அவரிடம் வேலை கற்க வந்தவர். எந்தப் பொருளும் அதன் எண் போட்ட தட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் மதம்.

சென்னையிலும் திருச்சிக் கிளையிலும் ஒவ்வொரு மினி கம்ப்யூட்டர் இருந்தது. பெயர்தான் மினி, அளவு இரண்டு பீரோ. இரண்டும் டெலிபோன் லைனில் இணைந்திருந்தன. புதிதாக வந்திருக்கும் பெர்சனல் கம்ப்யூட்டரைச் சென்னை மினியோடு சேர்த்துவிட்டால், மேசையில் இருந்தபடியே திருச்சிக்கு எழுதலாம்.

"அந்த வேலைய நான் செய்யறேன் மேடம்," என்றார் திருமேனி.

"ஏன் சார், நீங்களே?"

"திருச்சி ஆபீஸ்லதான் என் பொண்ணு பூங்கோதை இருக்கா. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. நான் போகல. ஒரு வருஷமா ஒரு வரி இல்ல. அப்பன் இருக்கானா செத்தானான்னுகூடக் கேட்கல."

எஸ்தர் கேபிளையும் இரண்டு பிளக்குகளையும் அவர் முன் வைத்தார்.

கேபிளைத் திருமேனியே பற்றவைத்தார். ஒரு பிளக்கின் இரண்டாம் எண் ஊசிக்கு அடுத்ததின் இரண்டு, மூன்றாம் எண்ணுக்கு மூன்று. பிறகு எட்டு நாள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓர் எழுத்து வரவில்லை.

"மெஷின்கூட என்கிட்ட பேச மாட்டேங்குது மேடம். எண்ணுக்கு எண் சரியாத்தான் கட்டியிருக்கேன்."

எஸ்தர் மேசையிலிருந்த இரண்டு டெலிபோன் ரிசீவர்களை எடுத்தார். காதோடு காது, வாயோடு வாய் வரும்படி ஒட்டிப் பிடித்தார்.

"இது சரியா சார்?"

"இதுல யாரு பேசினா யாருக்குக் கேட்கும்?"

"உங்க கேபிளும் இப்படித்தான். ரெண்டு மெஷினும் ரெண்டாம் கம்பியில பேசுது. ரெண்டும் மூணாம் கம்பியில காதை வச்சுக்கிட்டு இருக்கு."

ஒரு ரிசீவரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

திருமேனி ஒரு முனையில் மட்டும் கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தார். எண் மாற்றிக் கட்டுவது அவருக்குச் சத்தியத்தை மீறுவது மாதிரி.

திரையில் ஒரு வரி வந்தது. மினி அவர் பெயரைக் கேட்டது.

"எட்டு நாளா வாயே திறக்கல. இப்ப மட்டும் எப்படிக் கேட்குது?"

"எட்டு நாளும் இதையேதான் சார் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நம்ம காதுலதான் விழல."

திருமேனி தன் பெயரை அடித்தார். எஸ்தர் லைனைத் திருச்சி மெஷினோடு சேர்த்துக் கொடுத்தார். மகளுக்கு எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"என்ன எழுதறது மேடம்?"

"கடைசியா அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்களோ, அதுக்குப் பதில் எழுதுங்க."

"என்ன கேட்டான்னே தெரியாதே. கல்யாணமான புதுசுல மூணு லெட்டர் வந்துச்சு. பிரிக்காமலே போஸ்ட்மேன்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன்."

எஸ்தர் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதை எழுதுங்க சார்."