பனையின் நாக்கு

பனைமரத்துக்குப் பேச்சு இருந்த காலம் அது. குருத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு நாக்கு இருந்தது. சும்மா இருக்குமா? ஏறுகிறவனிடமெல்லாம் ஓயாமல் பேசும்.

செம்மணல் மேடான தேரிக்காட்டில் தவசி என்று ஒரு பனையேறி இருந்தான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பது அவன் பெண்டாட்டி செல்லக்கனியின் வேலை. சுண்ணாம்பு பட்டால்தான் பதநீர் புளிக்காமல் இனிப்பாக இருக்கும். ஒரே மகள் உமையாளைக் கட்டிக்கொடுத்த மறு மாசமே செல்லக்கனி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிறகு அந்தக் குடிசையில் "சாப்பிட்டாயா" என்று கேட்க நாதி இல்லை. பாவம், மனுசன் ஒடிந்துபோனான்.

ஒருநாள் சுண்ணாம்பு தடவ மறந்து வெறுங்கலயத்தை மரத்தில் கட்டிவிட்டான். என்றைக்கு அவன் அந்த வேலையைச் செய்திருக்கிறான்? மறுநாள் காலையில் நுரைத்துப் புளித்துக் கிடந்ததை மரத்தின் மேலேயே உட்கார்ந்து குடித்தான். தலை கிறுகிறுத்தது. பக்கத்து மட்டையில் செல்லக்கனி உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் வேண்டுமென்றே சுண்ணாம்பைத் தொடவில்லை. பனை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. காதில் வாங்கினால்தானே.

இப்படியே இரண்டு வருசம் ஓடியபின் ஒரு காலையில் உமையாள் இடுப்பில் பிள்ளையோடு மரத்தடியில் வந்து நின்றாள். அவளும் புருசனும் மத்தியானம் தோணியேறி அக்கரைக்குப் பிழைக்கப் போகிறார்கள். அப்பாவைத் தனியே விட மனசில்லாமல் கூட்டிப்போக வந்திருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியது. மேலே இருந்தவனுக்கு உறைக்கவில்லை.

"தவசி, கீழே நிற்பது உன் மகள். உன்னோடு பேசுவது செல்லக்கனி இல்லை, கள். இறங்கிப் போ" என்றது பனை.

"கொஞ்சம் வாயை மூடு. செல்லக்கனி பேசுவது கேட்கவில்லை" என்றான் தவசி.

பனை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆத்திரம் தலைக்கேற, பாளை சீவும் அரிவாளால் அதன் நாக்கை அறுத்து வீசினான். அது உமையாளின் காலடியில் வந்து விழுந்தது. அப்பா தன்னைத்தான் விரட்டுகிறார் என்று நினைத்து, அழுதுகொண்டே திரும்பி நடந்தாள்.

போதை தெளிந்து இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மணலில் ஒரு பெண்ணின் காலடித் தடம் வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. பதறிப்போய் மறுபடி ஏறி, யார் வந்தது, எந்தப் பக்கம் போனார்கள் என்று மரத்தைக் கட்டிக்கொண்டு கேட்டான். ஓலை சலசலத்தது. கலயத்தின் அடியில் மிச்சம் இருந்ததையும் குடித்துப் பார்த்தான். அன்று செல்லக்கனியும் வரவில்லை.

பனைமரம் பேச்சற்றுப்போய் வெறும் ஓலையை அசைத்துக்கொண்டு நிற்பதும், துணைக்காகக் குடிக்க உட்கார்ந்தவன் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.