மலைப்பாம்பின் பத்தியம்

விலங்குகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் மலைப்பாம்புக்கு நான்கு கால்கள் இருந்தன. கால் என்றால் சும்மா இல்லை, மானே பின்தங்கிவிடும். பேரும் நெடுங்காலர். காட்டுக்கே வைத்தியர் அவர்தான். யார் வந்து நின்றாலும் முதலில் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். "வாயைக் கட்டு. பத்தியம் இல்லாம மருந்து கேக்காது" என்பார். கரடிக்கே தேனை நிறுத்தியவர்!

ஒருநாள் காலையில் சருகுமான் செம்பி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயா, பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. கண்ணே தொறக்க மாட்டேங்கிறான்."

"பயப்படாதே தாயி. அதுக்குப் பச்சிலை பாறை உச்சியில இருக்கு. உச்சிவேளைக்குள்ள கொண்டாந்துடறேன். நீ போய்ப் பிள்ளைகிட்ட இரு."

மூலிகை பறிக்கப் போகிறவர் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது வழக்கம். நெடுங்காலரும் அப்படித்தான் கிளம்பினார். வழியில் ஒரு பலாப்பழம் வெடித்துக் கிடந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரே ஒரு சுளை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊருக்கெல்லாம் பத்தியம் சொன்ன வாய்தானே அது! ஒன்று பத்தாகி, பத்து முழுப் பழமாகி, பக்கத்து மரத்துப் பழமும் உள்ளே போயிற்று. வயிறு தரை தட்டியது. எழுந்தால் கால்கள் மடங்கின. கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போகலாம் என்று கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எதிரே செம்பி நின்றாள்.

"பிள்ளை...?"

"உச்சிவேளை வரைக்கும் இருந்தான் ஐயா. வைத்தியர் வந்துடுவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்புறம் உங்களையும் காணோம். பாறையில வழுக்கி விழுந்துட்டீங்களோன்னு பதறிப்போய்த் தேடி வந்தேன். ஐயோ, வயிறு ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

குனிந்து, முகத்தால் அவர் வயிற்றை மெல்ல நீவிவிட்டாள். அப்போதுதான் சுற்றிலும் கிடந்த பலாச்சக்கை அவள் கண்ணில் பட்டது. நீவுவதை நிறுத்தினாள். திரும்பி நடந்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஓட வேண்டிய நேரத்தில் ஓடாத கால்கள் எதற்கு என்று நான்கையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டார். உடம்பைச் சுருட்டி, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தொடங்கிய பத்தியம்தான் இது. இன்றும் மலைப்பாம்பு ஒரு தரம் இரை விழுங்கிவிட்டால், வாரக்கணக்கில் வேறெதையும் தொடாமல் தலையை மறைத்துச் சுருண்டு கிடக்கிறது. வால் பக்கம் உற்றுப் பார்த்தால் இரண்டு சின்ன நகங்கள் தெரியும். செம்பியின் பிள்ளைக்காக ஓடாத கால்களில் மிச்சம் அவைதான்.