எண்பத்து நாலு வோல்ட் ஏக்கம்

ராஜபாளையம் பக்கத்து நூல் மில் ஒன்றில் வயர்மேன் வேலை பார்த்தவள் செல்லக்கனி. இரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்த அவள் புருஷன் அன்றைக்கு ஐந்து மணி ரயிலில் வருகிறான். மணி நாலாகியும் எஞ்சினியர் கோதண்டபாணி அவளை விடுவதாயில்லை.

காரணம் ஒரு கம்பி. இரண்டு முனையையும் கழற்றிப் போட்ட பிறகும் மீட்டரில் எண்பத்து நாலு வோல்ட் காட்டியது.

"இந்தக் கரண்ட் எங்கேருந்து வருதுன்னு சொல்லாம கேட்டைத் தாண்டக் கூடாதும்மா."

செல்லக்கனி அவருடைய மீட்டரை வாங்கினாள். அதன் குமிழில் எதற்கென்று தனக்கே தெரியாத ஒரு நிலையை, யாரும் திருப்பிவிடக் கூடாதென்று அவர் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து வைத்திருந்தார். அதை உரித்து, குமிழை 'லோ-இசட்' என்ற அந்த நிலைக்குத் திருப்பிக் கம்பியில் வைத்தாள். எண்பத்து நாலு மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

"எங்கேருந்தும் வரலை சார். இதுல வச்சா மீட்டர் கொஞ்சம் கரண்டை இழுத்துப் பாக்கும். நெசம்னா நிக்கும், பொய்னா படுத்துரும்."

"அப்போ அந்த எண்பத்து நாலு?"

"கரண்ட் ஓடுற கம்பியை ஒட்டியே இது நூறு மீட்டர் தூரத்துக்குக் கெடக்கு சார். தொட முடியலைன்னாலும் ஏக்கம் இருக்கும்ல."

கோதண்டபாணி கீழே விழுந்த பிளாஸ்திரியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவள் சைக்கிளை எடுத்தாள்.

ரயிலடியில் புருஷன் கையை நீட்டினான். இரண்டு வருஷமாகப் போனில் வெறும் குரலாக இருந்தவன். அவள் அந்தக் கையைப் பிடித்து, விடாமல் அழுத்தினாள்.

"என்ன புள்ள, இந்த அழுத்து அழுத்துற?"

"நிக்குதான்னு பாத்தேன்" என்றாள்.