ஈ மொய்க்காத விருந்து

குளத்தின் கிழக்குக் கரையில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அதில் அறுபது காகங்கள் குடியிருந்தன. அந்த அறுபதுக்கும் தலைவி அஞ்சலை என்ற காகம்.

அஞ்சலையிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம்தான். எங்கே எது கிடைத்தாலும் முதலில் கூப்பிட வேண்டும். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் அலகு வைக்க வேண்டும். கிடைத்தது ஒற்றைப் பருக்கையாக இருந்தாலும் சரி, கல்யாணப் பந்தியாக இருந்தாலும் சரி! வயிறு எவ்வளவு காந்தினாலும் அஞ்சலை ஒரு நாளும் இதை மீறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவளுடைய மகன் காத்தான் ஒரு சமயம் டவுன் பக்கம் பறந்து போனான். போனவன் அங்கே மீன் மார்க்கெட்டில் ஒரு பெண் காகத்தைப் பார்த்து, மனசு பறிகொடுத்து, அவளையே கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவள் பெயர் வெள்ளையம்மா. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அவளும் நல்ல கறுப்புதான்.

மார்க்கெட்டில் வளர்ந்தவளுக்கு வேறு சட்டம். அங்கே வாயைத் திறந்து கூப்பிட்டால் பூனை வரும், நாய் வரும், பருந்து வரும், கடைக்காரரின் துடைப்பமும் கூடவே வரும். அதனால் கிடைத்ததைச் சத்தமில்லாமல் தூக்க வேண்டும். நன்றாக உற்றுப் பார்க்க வேண்டும். ஒளித்து வைத்து, பிறகு தனியாகத் தின்ன வேண்டும். அப்படித்தான் அவள் பிழைத்து வந்தாள்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே மரத்தில் இருந்தால் என்ன ஆகும்? பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

ஒரு நாள் காலை, வெள்ளையம்மா ஒரு தவளையை மரப்பொந்துக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி அது?"

"தவளை, அத்தை."

"அது எனக்கும் தெரியுது. ஏன் கூப்பிடல?"

"ஒரு தவளைக்கு அறுபது பேரா? ஆளுக்கு ஒரு விரல்கூட வராதே."

"விரல் வருதோ, நகம் வருதோ, கூப்பிடணும். இங்க அதுதான் முறை."

"தேடினது நான். பிடிச்சது நான். இன்னும் நாலு நாள்ல முட்டை போடப் போறதும் நான்தான். நான் தரமாட்டேன், அத்தை."

தலைவியின் முகத்துக்கு நேரே யாரும் இதுவரை அப்படிப் பேசியதில்லை.

பக்கத்துக் கிளையில் சடையன் என்ற காகம் இருந்தான். அவனும் சட்டத்தை மதிப்பவன்தான், ஆனால் அவனுடைய மதிப்பு ஒரு தினுசு. கிடைத்ததில் பாதியைத் தின்று, அலகைக் கிளையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் 'கா, கா' என்று ஊரைக் கூப்பிடுவான். அவன் மெல்ல நகர்ந்து வந்து வெள்ளையம்மாவின் காதில் சொன்னான்: "எல்லாருக்கும்தான் எடுத்து வச்சேன், கூப்பிட மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. சண்டை இதோட தீர்ந்துடும்."

"எதுக்குப் பொய் சொல்லணும்? எனக்குன்னுதான் எடுத்து வச்சேன்" என்றாள் வெள்ளையம்மா. காதில் சொன்னதற்கு அவள் ஊர் கேட்கப் பதில் சொன்னாள்.

அஞ்சலைக்குக் கோபத்தில் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "அப்படின்னா இந்த மரத்துல உனக்கு இடம் கிடையாது. கிளம்பு!"

"சரி, அத்தை" என்று வெள்ளையம்மா கிளம்பிவிட்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை. மேற்குக் கரையில் தனியாக நின்ற பனைமரத்துக்குப் போய்க் கூடு கட்டினாள்.

பாவம் காத்தான்! புளியமரத்துக்கு வந்தால் "பொண்டாட்டிக்குப் புத்தி சொல்லத் தெரியாதவனே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். பனைமரத்துக்குப் போனால் "அம்மாகிட்ட ஒரு வார்த்தை எனக்காகப் பேசினியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். குளத்தைக் குறுக்கே கடந்து கடந்தே அவன் பாதியாக இளைத்தான்.

சில வாரங்களில் பனைமரத்தில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. அஞ்சலை பார்க்கப் போகவில்லை. போவாளா? ரோஷக்காரி ஆயிற்றே! ஆனால் காத்தான் வந்தபோது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பக்கம் என்னமோ கீச்சுகீச்சுன்னு சத்தம் கேக்குது. எத்தனை?"

"மூணும்மா. வந்து ஒரு தடவை பாரேன்."

"எனக்கென்ன வந்துச்சு?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காத்தான் போன பிறகு வெகுநேரம் பனைமரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேரக்குஞ்சுகளுக்குத் தன் அலகால் ஒரு வாய் ஊட்ட மாட்டோமா என்று அவள் மனசு கிடந்து தவித்தது.

பங்குனி வந்தது. வெயில் கொளுத்தியது. குளம் பாதியாக வற்றியது. வயலில் புழு இல்லை, வரப்பில் நண்டு இல்லை. காகங்கள் காலையில் பறந்து போய் வெறும் அலகோடு திரும்பின. மூன்று நாளாக அஞ்சலை எதுவுமே தின்னவில்லை. கிடைத்த ஒன்றிரண்டையும் சின்னவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள்.

நான்காம் நாள் பொழுது விடிந்தது. தண்ணீர் குடிக்கக் கரைக்குப் போன அஞ்சலை அப்படியே நின்றுவிட்டாள்.

மீன்! குளம் முழுக்க மீன்! கெண்டை, கெளுத்தி, விரால் என்று எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரை ஓரமாக ஒதுங்கிக் குவியல் குவியலாகக் கிடந்தன. எட்டிக் கொத்தினால் வாயில் விழும்.

மூன்று நாள் பட்டினி கிடந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? அவள் ஒரு மீனைக்கூடத் தொடவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"கா! கா! எல்லாரும் வாங்க! எல்லாரும் ஓடி வாங்க!"

புளியமரம் ஒரே நொடியில் காலியாயிற்று. காகங்கள் சடசடவென்று வந்து கரையில் இறங்கின. ஒன்று குதித்தது, ஒன்று கரணம் போட்டது, சின்னக் காகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எட்டிப் பார்த்தன. ஒரே கூச்சல்! ஆனாலும் சட்டம் சட்டம்தான். தலைவி தலையை அசைக்கும்வரை யாரும் அலகு வைக்கவில்லை.

அஞ்சலை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் வந்தாயிற்று. வந்தாயிற்றா?

அவள் பார்வை தானாகப் பனைமரத்துக்குப் போனது. எல்லாரும் என்றால் அவளும் சேர்த்தியா? கூடாது என்றது கோபம். அவளை விட்டுவிட்டால் பிறகு என்ன பெரிய சட்டம் என்றது மனசு. அஞ்சலை ஒரு கணம் அலகைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பனைமரத்தின் பக்கம் திரும்பினாள். முன்னைவிடச் சத்தமாக இன்னொரு முறை கூப்பிட்டாள்.

பனைமரத்தில் அசைவே இல்லை.

"காத்தான், இங்க வா" என்றாள் அஞ்சலை. இருந்ததிலேயே கொழுத்த கெண்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். குஞ்சுகளுக்கு நம்ம சட்டம் கிடையாது. இத முதல்ல அதுங்களுக்குக் கொண்டுபோய்க் குடு."

காத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா தானாகவே கொடுத்தனுப்புகிறாள்! சண்டை முடிந்தது! மீனைக் கவ்விக்கொண்டு ஜிவ்வென்று பறந்தான்.

அதே நேரத்தில் பனைமரத்திலிருந்து வெள்ளையம்மாவும் புறப்பட்டாள். தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வந்தாள். மிதந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதிக் குளத்தில் அவளுடைய பறப்பு திடீரென்று மாறியது. நேராகக் காத்தானை நோக்கிப் பாய்ந்தாள். படாரென்று ஒரே மோதல்! மீன் தண்ணீரில் விழுந்தது. காத்தான் குட்டிக்கரணம் அடித்து எப்படியோ சமாளித்துக்கொண்டான்.

கரையில் இருந்த அத்தனை காகங்களும் இதைப் பார்த்தன.

"பாத்தீங்களாக்கா?" என்று சடையன் ஆரம்பித்தான். "நீங்க பாசமாக் குடுத்தனுப்பினத எல்லார் முன்னாடியும் தட்டிவிட்டுட்டா! இவளயும் மதிச்சுக் கூப்பிட்டீங்களே!"

அஞ்சலைக்கு நெஞ்சில் அடித்தாற்போல் இருந்தது. அவள் வாய் திறப்பதற்குள் வெள்ளையம்மா கூட்டத்தின் நடுவில் வந்து விழுந்தாள். மூச்சு வாங்கியது.

"யாரும் தொடாதீங்க! இந்த மீன்ல ஒரு ஈகூட இல்ல!"

"ஈ இல்லாட்டி நல்லதுதானே? சுத்தமான மீனு!" என்றான் சடையன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. மீனுக்கு நடுவுல வளர்ந்தவ நான். செத்த மீன்னா ஈ மொய்க்கணும். மொய்க்கலேன்னா அதுல விஷம் ஏறியிருக்கு. எங்கக்கா அப்படி ஒரு மீனத் தின்னுதான் செத்தா. என் கண்ணு முன்னாலயே செத்தா."

"விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்மள விரட்டிட்டு மொத்தத்தையும் ஒளிச்சு வைக்கப் பாக்குறா!" என்று ஒரு குரல் வந்தது. "தவளையையே தராதவதானே!" என்று இன்னொரு குரல் வந்தது. அவ்வளவுதான், கூட்டம் பொங்கிவிட்டது. பசித்த வயிறுகள் வேறு.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு நாளும் யாருக்கும் ஒரு வாய் கொடுக்காதவள் வந்து 'தின்னாதே' என்றால் எப்படி நம்புவார்கள்? வெள்ளையம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் நம்பிக்கை இல்லை. கடைசியில் அவள் மாமியாரைப் பார்த்தாள். கூட்டமும் அஞ்சலையைத்தான் பார்த்தது. அவள் தலையை அசைத்தால் அறுபது அலகுகளும் மீனில் இறங்கிவிடும்.

அஞ்சலை மருமகளின் அருகில் தத்தித் தத்தி வந்தாள்.

"என் முகத்தப் பாத்துச் சொல்லு. இந்த மீனு உனக்கு வேணுமா?"

"வேணாம், அத்தை. எனக்கும் பசிதான். என் குஞ்சுங்களும் நேத்துலேர்ந்து பட்டினி. ஆனா வேணாம்."

அஞ்சலை சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். இரண்டு இறக்கைகளையும் விரித்து மீனுக்கு முன்னால் நின்றாள்.

"யாரும் அலகு வைக்கக் கூடாது!"

"என்னக்கா இது?" என்று சடையன் கத்தினான். "உங்களையே எதுத்துப் பேசினவ அவ. அவ பேச்ச நம்புறீங்களா?"

"எதுத்துப் பேசினதாலதான் நம்புறேன். இவ பொய் சொல்றவளா இருந்தா, அன்னைக்கே ஒரு சின்னப் பொய்யச் சொல்லிட்டு நம்ம மரத்துலயே சுகமா இருந்திருப்பா. பொய் சொல்ல மாட்டேன்னு மரத்தையே விட்டுட்டுப் போனவ இவ."

கூட்டம் அடங்கியது. சடையன் மட்டும் அடங்கவில்லை. "நீங்க எல்லாம் பட்டினி கெடங்க, எனக்கென்ன?" என்று அஞ்சலையின் இறக்கைக்கு அடியில் புகுந்து ஒரு விராலைக் கவ்வினான். யாருக்கும் எட்டாமல் புளியமரத்து உச்சிக்குப் பறந்தான். அங்கே உட்கார்ந்து எல்லாரும் பார்க்கப் பார்க்கத் தின்றான். "ஆகா! என்ன ருசி! என்ன ருசி!" என்று கத்தினான்.

பிறகு அவன் சத்தம் வரவில்லை. இறக்கையை ஒரு முறை அடித்தான். கால் கிளையை விட்டது. கிளைக்குக் கிளை மோதிக்கொண்டு கீழே விழுந்தான். எல்லாரும் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவனிடம் உயிர் இல்லை.

முந்தின நாள் பொழுது சாயும் வேளையில் யாரோ தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்த டப்பாக்களை அந்தக் குளத்தில் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். அது காகங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று எல்லாரும் பட்டினிதான். ஆனால் உயிரோடு பட்டினி கிடந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் அடுத்த ஊர் ஏரிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அங்கே கரையில் நல்ல நத்தைகளும் இருந்தன.

ஏரிக்கரையில் அஞ்சலை மருமகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் உன்ன விரட்டினவ" என்று அஞ்சலைதான் ஆரம்பித்தாள். "உன் குஞ்சுங்கள மட்டும் காப்பாத்திக்கிட்டு நீ பேசாம இருந்திருக்கலாம். எதுக்கு வந்த?"

"முதல் தடவ கூப்பிட்டப்போ நான் வரல, அத்தை. அது எனக்கு இல்லேன்னு நெனச்சேன். அப்புறம் பனைமரத்தப் பாத்துக் கூப்பிட்டீங்க." வெள்ளையம்மா ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொறந்ததுலேர்ந்து என்ன யாரும் சாப்பிட வான்னு கூப்பிட்டதே இல்ல, அத்தை."

அஞ்சலைக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. மருமகளின் கழுத்து இறகை அலகால் கோதிவிட்டாள். பிறகு ஒரு நத்தையைக் கவ்விக்கொண்டு, யாரும் அழைக்காமலேயே பனைமரத்தை நோக்கிப் பறந்தாள். பேரக்குஞ்சுகள் மூன்றும் வாயைப் பிளந்தன.

அதற்குப் பிறகு புளியமரத்தில் சட்டம் கொஞ்சம் மாறியது. எது கிடைத்தாலும் அஞ்சலை கூப்பிடுவாள். எல்லாரும் வந்து காத்திருப்பார்கள். வெள்ளையம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, சரி என்ற பிறகுதான் பந்தி. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை நின்றதா என்று கேட்கிறீர்களா? அது எப்படி நிற்கும்? வாரத்துக்கு இரண்டு முறை மரம் அதிரும். ஆனால் இருவரும் ஒரே கிளையில் உட்கார்ந்துகொண்டுதான் சண்டை போட்டார்கள்.

நம் வழக்கத்தை ஏற்காமல் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிறவரைப் பகையாளி என்று தள்ளிவிடக் கூடாது. ஆபத்து வரும் நாளில் நம்மிடம் உண்மையைச் சொல்லப் போகிறவரும் அவர்தான்.