விரலுக்குத் தெரிந்த ப்ராசசர்

மூன்று நாளாக விடாத மழை. கம்ப்யூட்டர் கடையில் ஏற்கெனவே இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. அன்றைக்கு வந்த ஒரே வாடிக்கையாளர், கோர்ட் வாசலில் மனு டைப் அடிக்கும் எஸ்தர்.

"நான் கேம் எல்லாம் விளையாடறதில்லம்மா. டைப் அடிக்க எந்த ப்ராசசர் போதும்?"

"சின்னதே போதும்க்கா," என்றாள் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தமயந்தி.

முதலாளி வேதமூர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேமிங் ப்ராசசர் போட்டா டைப் அடிக்கிறதுகூடப் பறக்கும். அதை நீயே இவங்களுக்கு நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா நாளைலேருந்து வராதே."

தமயந்தி உள்ளே போய் இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் மட்டும் 'கேமிங்' ஸ்டிக்கர் இருந்தது.

"நீங்களே அடிச்சுப் பாருங்க சார். உங்க விரலுக்குத் தெரியாததா?"

ஸ்டிக்கர் ஒட்டியதில் அடித்தார். "பறக்குது பாருங்கம்மா!" மற்றதில் அடித்தார். "சுத்த மாட்டு வண்டி!"

தமயந்தி இரண்டு திரையிலும் ப்ராசசர் பெயரைத் திறந்து காட்டினாள். பறந்தது சின்னது. மாட்டு வண்டிதான் கேமிங்.

எஸ்தர் சின்னதை வாங்கிக்கொண்டு போனாள். அதோடு தமயந்தியின் வேலையும் போனது.

அவள் குடையை விரிக்கும்போதுதான் அலமாரியில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்த்து முதலாளிக்குத் திக்கென்றது.

"ஏய், இதுல எல்லாம் ஸ்டிக்கர் சரியாத்தானே ஒட்டியிருக்கே?"

"அடிச்சுப் பாருங்க சார், விரல் சொல்லும்," என்று மழையில் இறங்கினாள்.