தொப்பி பிடித்த இடம்

வால்பாறை பஸ் நிலையத்தில், சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிப் பொள்ளாச்சி வண்டியில் இடம் பிடிப்பது தனி வித்தை. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே போய்விட வேண்டும். துண்டு எந்த இருக்கையில் விழுகிறதோ, அந்த இருக்கை துண்டுக்காரருக்கு. கதவில் முட்டி மோதி முதலில் ஏறியவர்கூட அதை எடுத்தெறிந்துவிட்டு உட்கார முடியாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதைவிட இதற்கு ஜனங்கள் அதிகம் கட்டுப்படுவார்கள்.

இந்த வித்தையில் தங்கபுஷ்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் தேயிலை எடை போட்டவர் அவர். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அதில் இலை எவ்வளவு, மழைத்தண்ணீர் எவ்வளவு, உள்ளே ஒளித்து வைத்த கல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஆறடி தள்ளி நின்று அவர் துண்டை வீசினால், அது மூன்றாவது ஜன்னலுக்குள் நுழைந்து, விரித்துப் போட்ட மாதிரி இருக்கையில் படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அந்த வித்தை பலித்தே ஆக வேண்டியிருந்தது. வலது முட்டி பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தது. "நடக்கிறதுகூடப் பரவாயில்லை, நிக்காதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை பொள்ளாச்சியில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். போகாமல் இருக்க முடியாது. வழியிலோ நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நிற்பவரின் மொத்தக் கனமும் ஒரு முட்டியிலிருந்து இன்னொரு முட்டிக்கு மாறும். எடையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உட்கார இடம் கிடைக்காவிட்டால், நாளைக்குத் தன்னைத் தூக்கித்தான் பந்தலுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ஆகவே ஒரு மணிக்கே வந்து, பீர் முகமதுவின் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி, பச்சைக்கரைத் துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்போதுதான் சவரிராயன் வந்தார்.

முதலில் தெரிந்தது தொப்பிதான். கறுப்பு ஃபெல்ட் தொப்பி. ஓரம் லேசாக மேலே வளைந்து, சுற்றிலும் பட்டு நாடா வைத்தது. கோட்டு, சூட்டு, டை, பளபளக்கும் ஷூ எல்லாம் போட்டு முடித்த பிறகு, கடைசியாகத் தலையில் வைக்க வேண்டிய ரகம். சவரிராயன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசியை மட்டும் செய்திருந்தார். தொப்பிக்குக் கீழே தோள்பட்டையில் கிழிந்த பனியன். அதற்குக் கீழே கட்டம் போட்ட கைலி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியது. அதற்கும் கீழே ஒரு கால் நீல வார், ஒரு கால் சிவப்பு வார் வைத்த ரப்பர் செருப்பு.

பீர் முகமது டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்ன சவரி அண்ணே, தலை மட்டும் லண்டனுக்குக் கிளம்பிடுச்சு, உடம்பு இன்னும் பல்லே விளக்கலையா?"

"மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போறேன், பாய்."

"கைலியோடயா?" என்று கேட்டார் எலெக்ட்ரீஷியன் முத்துக்கருப்பன். அவரும் அதே வண்டிக்குக் காத்திருந்தவர். "ஒண்ணு தொப்பிய எடுங்க, இல்லை கைலிய மாத்துங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முகம் குடுத்துப் பேசாது போலிருக்கே."

சவரிராயன் பெஞ்சில், தங்கபுஷ்பத்தின் துண்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தொப்பியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"விவரம் தெரியாமப் பேசாதே தம்பி. கைலி என் இஷ்டம் இல்லை. தொப்பியோட இஷ்டம்."

ஆரம்பித்துவிட்டார் என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டார். மூட்டை தராசில் ஏறிவிட்டது. இனி உள்ளே எத்தனை கல் என்று பார்க்க வேண்டியதுதான்.

"இதை நான் கடையில வாங்கலை. இது ஒரு வெள்ளைக்காரப் பிரபுவோடது. கொச்சியில கப்பல் ஏறும்போது காத்து அடிச்சுத் தலையிலிருந்து பறந்துடுச்சு. அப்படியே மலைப்பக்கமா வந்துச்சு. சாலக்குடியில ஒரு வக்கீல் தலையில உட்கார்ந்துச்சு. அவர் கோட்டைப் பார்த்துச்சு. பிடிக்கலை, எந்திரிச்சுது. அப்புறம் ஒரு பேங்க் மேனேஜர். சூட்டு. அதுவும் பிடிக்கலை. காடு, அணை எல்லாம் தாண்டி வந்தா, நான் கைலியோட கொடியில துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன். டப்புனு தலையில வந்து உட்கார்ந்துச்சு. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, எந்திரிக்கலை."

"அப்ப கோட்டுப் போட்டா என்ன ஆகும்?" என்றார் பீர் முகமது.

"போட்டுப் பார்க்காமலா இருப்பேன்? என் கல்யாணத்தன்னிக்குக் கோட்டுப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குள்ள காலை வச்சேன். தொப்பி எகிறிக் குதிச்சு வெளியே போயிடுச்சு. சாமியார் பூசையை நிறுத்திட்டார். அங்கேயே கோட்டைக் கழட்டி, கைலியக் கட்டினேன். ஜன்னல் வழியா வந்து உட்கார்ந்துச்சு. அப்புறம்தான் மோதிரமே மாத்தினோம்."

"அண்ணாச்சி, உங்க கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன்" என்றார் தங்கபுஷ்பம். "நடந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆகுது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலையில எண்ணெய் வழிஞ்சுது. வேற ஒண்ணும் இல்லை."

"நீங்க அந்நேரம் பந்தியில இருந்திருப்பீங்க தங்கச்சி."

முத்துக்கருப்பன் சிரித்தார். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. பந்தியில் உப்பில்லாத சாம்பார் போட்டது அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"அதுகூடச் சின்ன விஷயம்" என்று தொடர்ந்தார் சவரிராயன். "நம்ம காட்டுல மழைக்காலத்துல அட்டைங்க எப்படி ஏறும்னு உங்களுக்கே தெரியும். ஒரு நாள் பதினாலாம் நம்பர் காட்டுல நிக்கிறேன். கணுக்கால்ல நூறு அட்டை. சந்தோஷமா ரத்தம் குடிச்சுக்கிட்டே முட்டி வரைக்கும் வந்துச்சுங்க. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தா தொப்பி. ஐயோ, இது துரை காலுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒண்ணொண்ணா இறங்கி, குடிச்ச ரத்தத்தையும் திருப்பி உள்ளே விட்டுட்டு, வரிசையாப் போயிடுச்சுங்க."

"மன்னிப்புக் கேட்டுச்சா?"

"கடைசி அட்டை கேட்டுச்சு."

பெஞ்சுக்குப் பின்னால் நின்றவர்களும் இப்போது நெருங்கி வந்தார்கள். கூட்டம் கூடினால் சவரிராயனுக்குக் குரல் தானாகவே ஏறும்.

"யானைக் கதைய யாருக்கும் சொன்னதில்லை. பயந்துடுவீங்கன்னுதான். ஒத்தைக் கொம்பன், ரோட்டை மறிச்சு நிக்குது. நான் தனியா வர்றேன். அது என்னைக் கீழேயிருந்து பார்த்துச்சு. ரப்பர் செருப்பு, கைலி. சரி, தொழிலாளி, மிதிச்சுடலாம்னு காலைத் தூக்குச்சு. மேலே பார்த்துச்சு. தொப்பி, பட்டு நாடா. அடடா, துரை, சலாம் போடணும்னு தும்பிக்கையைத் தூக்குச்சு. மறுபடி கீழே பார்த்துச்சு. கைலி. மறுபடி மேலே. தொப்பி. மிதிக்கிறதா, சலாம் போடுறதான்னு அதுக்கு முடிவு பண்ண முடியலை. ஒரு காலும் தும்பிக்கையும் தூக்கினபடி மூணு நாள் அங்கேயே நின்னுது. பஸ்ஸெல்லாம் அது வயித்துக்குக் கீழே புகுந்துதான் போச்சு."

"நாலாவது நாள்?"

"நான் பக்கத்துல போய் தொப்பியக் கழட்டிக் காட்டினேன். வெறும் சவரிதானான்னு நிம்மதியாப் போயிடுச்சு."

இந்தக் கதையில் ஒரே ஒரு வரி கலப்படமில்லாத இலை என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. வெறும் சவரிதான்.

"அண்ணாச்சி, மூணு நாளா ரோட்டுல யானை நின்னப்போ நான் தினம் அதே ரோட்டுலதான் வேலைக்குப் போயிருப்பேன். என் கண்ணுல ஏன் படலை?"

"வயித்துக்குக் கீழே போனவங்களுக்கு யானை எப்படித் தெரியும் தங்கச்சி? இருட்டா இருக்கேன்னு நினைச்சிருப்பீங்க. அதை விடுங்க. எட்டு வருஷம் முன்னால மழையே இல்லாம அணை ஒரே மாசத்துல நிரம்புச்சே, எப்படின்னு நினைக்கிறீங்க? அதுக்கு முந்தின வருஷ மழை முழுக்க இந்தத் தொப்பி ஓரத்துல தங்கிப்போச்சு. கழுத்து வலிக்குதேன்னு அணைக்கரையில நின்னு லேசாக் கவுத்தேன். லேசாத்தான். மூணு மதகையும் திறந்துவிட வேண்டியதாப் போச்சு."

தங்கபுஷ்பம் அதை நிறுத்துப் பார்க்கவே முயலவில்லை. அவர் எஸ்டேட்டில் அத்தனை பெரிய தராசு இருந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று சொட்டு. மூன்றாவது சொட்டு தொப்பியில் விழுந்தது.

சவரிராயன் துள்ளி எழுந்தார். கைக்குக் கிடைத்தது தங்கபுஷ்பத்தின் துண்டு. கேட்காமல் கொள்ளாமல் அதை எடுத்து, தொப்பியின் மேல் போர்த்தி, நாலு முனையையும் உச்சியில் கூட்டி, இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டார். இப்போது அவர் தலையில் இருந்தது, சந்தைக்குப் போகிற மூட்டை.

"என்ன அண்ணே இது?" என்றார் முத்துக்கருப்பன்.

"ஃபெல்ட்டுடா. தண்ணி பட்டாச் சுருங்கிப்போகும்."

"ஒரு வருஷ மழைய வாங்கின தொப்பியாச்சே?"

"அதனாலதான். அன்னிக்கே வயிறு முட்டக் குடிச்சிடுச்சு. இனி ஒரு சொட்டுக்கு உள்ளே இடம் இல்லை."

தங்கபுஷ்பம் கையை நீட்டினார். "துண்டைக் குடுங்க அண்ணாச்சி. வண்டி வர்ற நேரம்."

"துண்டு எதுக்கு? நான் இருக்கேன். இந்தத் தொப்பியோட நான் ஏறினா பஸ்ஸுல இருக்கிறவங்க மொத்தமா எந்திரிச்சு நிப்பாங்க. உங்களுக்கு வேணுங்கிற சீட்டுல உட்காருங்க. ஜன்னலோரமா, நடுவா, நீங்களே சொல்லுங்க."

"எனக்கு வேண்டியது என் துண்டு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி மேட்டில் திரும்பியது. நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் அத்தனை துண்டோடும் அதை நோக்கி ஓடினார்கள். தங்கபுஷ்பம் முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. முதல் ஜன்னலுக்குள் ஒரு துண்டு போனது. இரண்டாவதுக்குள் ஒரு பை போனது. மூன்றாவது ஜன்னல் அவருக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

அவர் வேறு யோசனை செய்யவில்லை. சவரிராயனின் தலையிலிருந்து துண்டையும் தொப்பியையும் ஒரே மூட்டையாகப் பிடுங்கி, எடையை ஒருமுறை கையில் பார்த்துவிட்டு வீசினார். மூட்டை ஜன்னல் கம்பியில் படாமல் உள்ளே போய், இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் காலை இழுத்து இழுத்து அவர் ஏறி வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுப் பானை சரிஞ்சிடும்னு பிடிச்சேன்ம்மா. சூடே இல்லையே, ஆறிப்போச்சா?"

தங்கபுஷ்பம் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முட்டி மடங்கியது. அப்பாடா என்று மூச்சு வந்தது.

சவரிராயன் கடைசியாக ஏறினார். யாரும் எழுந்து நிற்கவில்லை. வழிகூட விடவில்லை. தொப்பி இல்லாத மண்டையில் தூறல் முத்து முத்தாக நின்றது. ஒத்தைக் கொம்பன் இப்போது பார்த்திருந்தால், முடிவு பண்ணுவதில் அதற்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது.

"தங்கச்சி, எந்திரிங்க. அது என் தொப்பி பிடிச்ச இடம்."

கண்டக்டர் வந்துவிட்டார். "என்ன பிரச்சினை?"

"நல்லாக் கேளுங்க சார். துண்டு மட்டும் வந்திருந்தா இந்தக் காத்துக்குப் பறந்திருக்கும். உள்ளே இருந்த என் தொப்பியோட கனத்துலதான் அது நின்னுது. யாரோட கனமோ, அவங்களோட இடம்."

பஸ்ஸில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. தங்கபுஷ்பத்தின் முட்டி ஒருமுறை விண் என்று தெறித்தது.

"இலைக்குள்ள கல்லை ஒளிச்சு வச்சுக் கொண்டு வருவாங்க அண்ணாச்சி" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "அதுவும் கனம்தான். முப்பத்தோரு வருஷத்துல ஒரு கல்லுக்குக்கூட நான் எடை எழுதினதில்லை."

கண்டக்டர் மூட்டையை உற்றுப் பார்த்தார். "சீட்டுல பட்டது எது?"

"துண்டு" என்றார் பெரியவர்.

"அப்ப இடம் துண்டுக்கு. துண்டு அம்மாவோடது. உள்ளே இருந்தது சாமான். சாமானுக்கு எந்த ஊர்லயும் சீட்டுக் குடுக்கிறதில்லை. கம்பியப் பிடிங்க தொப்பிக்காரரே."

வண்டி கிளம்பியது. தங்கபுஷ்பம் மூட்டையை மடியில், வலது முட்டியின் மேல் வைத்துக்கொண்டார். சவரிராயன் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறக்கம் தொடங்கி, நாற்பது என்று எழுதிய பலகை வந்தது. ஒரு பக்கம் சாய்ந்தார். முப்பத்தொன்பது. மறுபக்கம் சாய்ந்தார். முப்பத்தைந்து வரைக்கும்தான் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது.

"தெரிஞ்சுதான் உங்க முட்டி மேல வைக்க விட்டேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இந்தத் தொப்பி எந்த முட்டி மேல உட்காருதோ, அந்த முட்டிக்கு வலி போயிடும். பழைய துரையோட குதிரை மூணு வருஷமா நொண்டிச்சு. ஒரு மணி நேரம் வச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே அது ஊட்டிக்குப் போய் ரேஸுல ஓடி, ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிடுச்சு."

தங்கபுஷ்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது, இருபது, பத்து என்று பலகைகள் போயின. ஒவ்வொன்றுக்கும் சவரிராயன் ஒரு பக்கம் சரிந்து, இன்னொரு பக்கம் நிமிர்ந்தார். ஒன்று என்ற பலகையைத் தாண்டி வண்டி சமவெளிக்கு வந்தபோது, அவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தன் முட்டியையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, வலி குறைஞ்சுதா இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

தங்கபுஷ்பம் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் சரியாக எடை சொன்னவர், இப்போது மட்டும் தவறாகச் சொல்ல முடியுமா?

"குறைஞ்சிருக்கு அண்ணாச்சி."

சவரிராயன் பஸ் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார்.

"உட்கார்ந்துக்கிட்டு வந்தேன், அதனால" என்றார் தங்கபுஷ்பம். "இறங்கினதும் நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்க. சரியாப் போயிடும்."